வீட்டில் பாட்டுப் பதிவு: எந்த மென்பொருளை எடுப்பது? ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த மென்பொருளில் பதிந்தால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கேள்வியே கொஞ்சம் கோணல். ஒரே குரல் பதிவை ரீப்பரிலும் கியூபேஸிலும் லாஜிக்கிலும் போட்டு, எந்த எஃபெக்டும் சேர்க்காமல், ஒரே சத்த அளவில் வெளியே எடுத்தால் மூன்றும் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு எதுவுமே கேட்காது.

வித்தியாசமெல்லாம் வேலை வாங்கும் விதத்தில் இருக்கிறது. சரணத்தின் மூன்றாவது வரியில் பாடகருக்கு மூச்சு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியை மட்டும் பஞ்ச் பண்ணி (அதாவது அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிந்து) நாலு முறை பாடவைத்து, நாலில் நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்ட வேண்டும். ஒரு மென்பொருளில் இது அரை நிமிட வேலை. இன்னொன்றில் அதற்குள் பாடகருக்குத் தொண்டை ஆறிவிடும். ஆகவே நீங்கள் அடிக்கடி செய்யப்போகும் வேலை எது என்பதைப் பார்த்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நண்பர் எதை வைத்திருக்கிறார், யூடியூபில் யார் எதைக் காட்டினார் என்பதெல்லாம் அப்புறம்.

இந்த வகை மென்பொருளுக்கு டிஏடபிள்யூ (டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்) என்று பெயர். பல ட்ராக்குகளில் பதிவது, வெட்டி ஒட்டுவது, மிடியில் (ஒலிக்குப் பதில் எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பை மட்டும் பதியும் முறை) வாத்தியங்களை வாசிக்க வைப்பது, மிக்ஸ் செய்வது, கடைசியில் ஒரே ஆடியோ கோப்பாக எடுப்பது எல்லாம் இதற்குள்ளேயே நடக்கும்.

முதல் படி: எதைப் பதியப் போகிறீர்கள்?

"எல்லாவற்றையும்" என்று சொல்லாதீர்கள். அடுத்த மூன்று மாதத்தில் உண்மையாகவே செய்யப்போவதைச் சொல்லுங்கள்.

மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) போட்டு அதன்மேல் பாடி யூடியூபில் ஏற்றுவதுதான் திட்டம் என்றால் காசே செலவழிக்க வேண்டாம். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட், மற்றவற்றில் ஆடாசிட்டி, போனில் பேண்ட்லேப். இந்தக் கட்டுரையில் மீதியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. லேட்டன்சி பற்றிய மூன்றாம் படியை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

குரலும் ஓரிரு வாத்தியமும் பதிபவர்களுக்கு, அதாவது கர்நாடக இசை, பக்திப் பாடல், கிட்டாரோடு பாடும் கவர் போன்றவற்றுக்கு, பதிவும் டேக் (ஒரே இடத்தைப் பாடிப் பதிந்த ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) பொறுக்குவதும் சுலபமாக இருக்க வேண்டும். அழகான சின்தசைசர் நாற்பது இருந்து என்ன பயன்? இவர்களுக்கு ரீப்பர், லாஜிக், கியூபேஸ் மூன்றுமே கைகொடுக்கும்.

கீபோர்டில் புரோகிராமிங் செய்பவர்கள், தபேலாவிலிருந்து ஸ்ட்ரிங்ஸ் வரை எல்லாவற்றையும் மிடியில் கட்டுபவர்கள், மிடி எடிட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதில் கியூபேஸும் லாஜிக்கும் பழம் தின்று கொட்டை போட்டவை. பீட் அடிப்படையில் வேலை செய்பவர்களுக்கு, ராப், கானா ரீமிக்ஸ், எலக்ட்ரானிக் பக்கம் போகிறவர்களுக்கு, எஃப்எல் ஸ்டூடியோவும் ஏபிள்டன் லைவும். இந்த இரண்டும் லூப்பை மையமாக வைத்து வளர்ந்தவை. ஒரு பேட்டர்னைப் போட்டுச் சுழலவிட்டு அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகலாம்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் கணினி

புது மென்பொருளுக்காகப் புதுக் கணினி வாங்குவது தலைகீழ் வழி. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளில் மட்டுமே ஓடும். லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மனியின் ஈமேஜிக் நிறுவனத்தை 2002ல் ஆப்பிள் வாங்கியது, அதோடு விண்டோஸ் பதிப்புக்கு மூடுவிழா. ஏ.ஆர்.ரஹ்மான் லாஜிக்கில் வேலை செய்கிறார் என்பது ஊரறிந்த செய்தி என்பதால், இசையமைக்க வேண்டுமென்றால் மேக்புக் வாங்கியே ஆக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. விண்டோஸ் லேப்டாப் இருந்தால் அதுவே போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ரீப்பரும், ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளும் இருக்கின்றன.

ராம் 8 ஜிபி இருந்தால் குரல், கிட்டார், கொஞ்சம் மிடி என்று பத்துப் பதினைந்து ட்ராக் தாராளமாக ஓடும். பெரிய ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரிகள் வைத்து வேலை செய்ய வேண்டுமென்றால் 16 ஜிபிக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு), 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு, பத்து ட்ராக், ஒவ்வொன்றுக்கும் நாலு டேக் என்றால் 1.7 ஜிபிக்கு மேல் போய்விடும். பாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இன்டர்ஃபேஸும் லேட்டன்சியும்

மென்பொருளைத் திட்டி எழுதப்படும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் மென்பொருளே இல்லை. "பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது" என்பது அதில் முதலிடம். இதுதான் லேட்டன்சி.

கணினி ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் கையாளும். அந்தப் பொட்டலத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 256ஐ 48,000ஆல் வகுங்கள்: 5.3 மில்லி விநாடி. உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை, நடுவில் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம். ஆக 11, 12 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒலி காற்றில் 10 மில்லி விநாடியில் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் போகும் என்பதால், உங்கள் குரலை அறையின் அந்தக் கோடியில் வைத்த ஸ்பீக்கரிலிருந்து கேட்பது போல அது இருக்கும். பாடுபவர்கள் இதைச் சகித்துக்கொள்வார்கள். மிருதங்கமோ கீபோர்டோ வாசிப்பவருக்குக் கை தடுமாறும். 1,024 சாம்பிளில் ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி, அதில் யாராலும் வாசிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். பதியும்போது பஃபரை 128 அல்லது 256க்குக் குறையுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1,024க்கு ஏற்றுங்கள், கணினி மூச்சு விடும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் (மென்பொருளை இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசவைக்கும் நிரல்) இல்லாமல் இந்த அளவுகளுக்கு இறங்கினால் பெரும்பாலும் கரகரக்கும். நல்ல இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதன் தயாரிப்பாளரே ஏஎஸ்ஐஓ டிரைவர் தருவார். இல்லாதவர்கள் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரை முயன்று பார்க்கலாம், சில லேப்டாப்பில் அருமையாக வேலை செய்யும், சிலவற்றில் படுத்தும். ஆப்பிளில் இந்தத் தலைவலி இல்லை, இதற்கு இணையான கோர் ஆடியோ என்ற வசதி அதன் இயங்குதளத்திலேயே இருக்கிறது.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற பட்டனோ திருகோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். லேட்டன்சிப் பிரச்சினை பாடகருக்கு அதோடு தீர்ந்தது. மென்பொருளுக்குள் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். கண்டன்சர் மைக் வைத்திருந்தால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பேன்டம் பவரும் அவசியம்.

இன்டர்ஃபேஸ் வாங்கும் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏபிள்டன் லைவ் லைட், கியூபேஸ் எல்இ அல்லது ஏஐ போன்ற சிறிய பதிப்புகளுக்கான குறியீடு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பலர் இதைக் கவனிக்காமலே வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நாலாம் படி: யார் யார், எப்படி எப்படி?

ரீப்பர்தான் என் முதல் பரிந்துரை, காரணம் சொல்கிறேன். இதை எழுதியவர் ஜஸ்டின் ஃப்ராங்கெல். ஒரு காலத்தில் நம் கணினிகளில் எல்லாம் பாட்டுப் போட்ட வின்ஆம்ப்பை உருவாக்கியவரும் அவர்தான். ரீப்பரின் இன்ஸ்டாலர் ஒரு பாட்டுக் கோப்பு அளவுதான் இருக்கும், பழைய லேப்டாப்பிலும் திணறாது. முழு வசதியோடு 60 நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். இதை வைத்து ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான் 225 டாலர். 60 நாள் கழிந்தாலும் பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போது நினைவூட்டும், அவ்வளவுதான். அதைச் சாக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இந்த விலைக்கு அது அநியாயம்.

ரீப்பரின் குறை: உள்ளே வாத்தியங்கள் கிட்டத்தட்ட இல்லை. திறந்தவுடன் சாம்பல் நிறத்தில் வெறிச்சென்று இருக்கும். பியானோ வேண்டுமா, தம்புரா வேண்டுமா, எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். மெனுக்கள் ஒரு காடு. ஆனால் 2023ல் வந்த ஏழாம் பதிப்பில் டேக்குகளைத் தனித்தனி வரிசையாக அடுக்கி, வேண்டிய துண்டின்மேல் மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்டது. குரல் பதிபவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆப்பிள் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டில் தொடங்குங்கள். 2004ல் வந்த நாளிலிருந்து புதியவர்களை மனதில் வைத்தே கட்டப்பட்டது, இலவசம், வாத்தியங்களும் தரமானவை. போதவில்லை என்று தோன்றும்போது அதே பாட்டை லாஜிக்கில் திறக்கலாம், எதுவும் தொலையாது. லாஜிக் ஒருமுறை 200 டாலர், 90 நாள் சோதனைக் காலமும் உண்டு. உள்ளே வரும் சத்தங்களின் அளவைப் பார்த்தால் இந்த விலை மலிவுதான். கராஜ்பேண்டில் ஒரு சங்கடம்: பாட்டின் நடுவில் தாள அளவை மாற்ற முடியாது.

கியூபேஸ் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள ஸ்டைன்பெர்க் தயாரிப்பு. 1989ல் அட்டாரி கணினியில் தொடங்கியது. ப்ளக்-இன் (மென்பொருளுக்குள் செருகும் கூடுதல் வாத்தியமோ எஃபெக்டோ) உலகம் முழுக்க இன்று பேசும் விஎஸ்டி முறையை 1996ல் கொண்டுவந்தவர்கள் இவர்களே, ஏஎஸ்ஐஓவும் இவர்களுடையதுதான். மிடி வேலையில் ஆழம் அதிகம். எலிமென்ட்ஸ், ஆர்டிஸ்ட், ப்ரோ என்று படிப்படியாக விலை ஏறும், எது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

எஃப்எல் ஸ்டூடியோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது இது. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப்பதிப்புகள் இலவசம், இந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். ஆனால் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கில் குரல் பதிய முடியாது! பாடுவதற்கென்று வாங்கி ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். குரல் வேண்டுமென்றால் ப்ரொட்யூசர் பதிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டை வாங்காமல் மறுபடி திறக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு விளையாடுங்கள். பீட் போடுவதில் இதன் வேகத்துக்கு ஈடில்லை. பல டேக் எடுத்து ஒட்டும் வேலையில் சுற்றி வளைக்கிறது என்பது என் எண்ணம்.

ஏபிள்டன் லைவ் பெர்லினிலிருந்து 2001ல் வந்தது. மேடையில் லூப்புகளைத் தட்டித் தட்டி வாசிப்பவர்களுக்கு அதன் செஷன் வியூ வரப்பிரசாதம். வீட்டில் உட்கார்ந்து கீர்த்தனை பதிபவருக்கு அது தேவையே இல்லை.

ப்ரோ டூல்ஸ் பெரிய ஸ்டூடியோக்களில் ஓடுகிறது என்பதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஒலிப் பொறியாளராக வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் அதன் இலவச இன்ட்ரோ பதிப்பில் பழகிக்கொள்ளுங்கள், அதில் ஆடியோ ட்ராக் எட்டு வரை போடலாம்.

ஆடாசிட்டி 2000லிருந்து இருக்கும் இலவச, திறமூல மென்பொருள். பதிந்து வெட்டி ஒட்ட நல்லது. மிடியில் வாத்தியம் வாசித்துப் பதிய முடியாது என்பதால் முழுப்பாட்டு கட்ட இது வேண்டாம். எல்எம்எம்எஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் இதற்கு நேரெதிர் குறை, மிடி உண்டு, மைக் பதிவு கிடையாது. இலவசத்திலேயே இரண்டும் வேண்டுமென்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீயைப் பாருங்கள், ட்ராக் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை.

கேக்வாக்கின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1980களிலிருந்து இருந்த அந்த மென்பொருளை அதன் உரிமையாளரான கிப்சன் 2017ல் நிறுத்தியது. சிங்கப்பூரின் பேண்ட்லேப் 2018ல் வாங்கி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த இலவசப் பதிப்பையும் ஓரங்கட்டிவிட்டு சோனார் என்ற பெயருக்கு நகர்ந்தார்கள். மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கடைசிப் படியில் இதற்கான காப்பைச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: ஒரே பாட்டை இரண்டில் பதிந்து பாருங்கள்

மேலே உள்ளவற்றிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பல்லவி, ஒரு சரணம், இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பாட்டு ஒன்று. இதையே இரண்டிலும் முதலிலிருந்து கடைசிவரை செய்யுங்கள்.

முதலில் சுருதியை ஒரு ட்ராக்கில் போடுங்கள். சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிட்டுப் பாடாதீர்கள். அது மைக்கில் ஏறிவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் தம்புராவும் சேர்ந்து துண்டாகும், டேக் ஒட்டவே முடியாது. சுருதி தனி ட்ராக்கில், ஹெட்போனில் மட்டும். அந்த ஹெட்போனும் காதை மூடும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சுருதியும் தாளம் காட்டும் கிளிக் சத்தமும் மைக்கில் ஒழுகும்.

ஃபேனை அணையுங்கள். வியர்க்கத்தான் செய்யும். குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து பல்லவியை நாலு டேக் பாடுங்கள். இப்போது கவனியுங்கள்: நாலு டேக்கும் திரையில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? முதல் டேக்கின் எடுப்பு, மூன்றாவது டேக்கின் சங்கதி, நாலாவதின் முடிப்பு என்று பொறுக்க எத்தனை சொடுக்கு? ஒட்டிய இடத்தில் கிளிக் என்று சத்தம் வராமல் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு தேய அடுத்தது எழும் இணைப்பு) தானாக விழுகிறதா, நீங்கள் போட வேண்டுமா? ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்த அந்த இடத்தில் பஞ்ச்-இன் செய்து பாருங்கள். இரண்டு தாள வட்டம் முன்னாலிருந்து ஓட்டி, சரியான இடத்தில் பதிவு தானாகத் தொடங்குகிறதா?

அடுத்து கீபோர்டில் ஒரு ரிதம் வாசித்து, இரண்டு சுரத்தைத் திருத்தி, கொஞ்சம் முன்பின்னாக விழுந்ததைத் தாளக் கட்டத்தில் உட்கார வையுங்கள். பாட்டின் வேகத்தை 80லிருந்து 84 ஆக்கிப் பாருங்கள், மிடி கூடவே நகர்கிறதா, குரல் என்ன ஆகிறது? கடைசியாக எல்லா ட்ராக்கையும் தனித்தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

நடுவில் எத்தனை முறை கூகுளில் தேடினீர்கள் என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், புதிதில் எல்லாமே தேடல்தான். ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகும் எந்த வேலை சலிப்பூட்டியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பு குறைவாக இருந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அன்றே நீக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: நம் இசைக்குச் சில கேள்விகள்

பெரும்பாலான மென்பொருள்கள் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120, 4/4 என்றுதான் நிற்கும். ஆதி தாளத்துக்கு அது ஒத்துப்போகும். மிஸ்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8 என்று மாற்றுங்கள். பாட்டின் நடுவில் மாற வேண்டியிருந்தால் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் இந்த வசதியே 2018ல் வந்த இருபதாம் பதிப்பில்தான் சேர்ந்தது. திஸ்ர நடைக்கு ட்ரிப்லெட் கட்டம் எல்லாவற்றிலும் உண்டு. கண்ட நடைக்கு ஒரு அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டும், இது எல்லா மென்பொருளின் மெனுவிலும் இருக்காது. ரீப்பரில் கட்ட அளவை நாமே பின்னமாகத் தட்டலாம்: 4/4ல் 1/20 என்று கொடுத்தால் ஒரு அட்சரத்துக்கு ஐந்து கோடு. விருத்தமும் ஆலாபனையும் பதியும்போது கிளிக்கையும், தாளக் கட்டத்தில் தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பையும் அணைத்துவிட்டு வெறும் நேரக் கணக்கில் பதியுங்கள்.

சுருதிக்கும் கீபோர்டுக்கும் கணக்கு தெரிந்துவைத்துக்கொண்டால் ப்ளக்-இன் எல்லாவற்றிலும் உதவும். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரைக் கட்டையில் பாடுபவர் ஜி ஷார்ப் என்று கொடுக்க வேண்டும்.

இப்போது பெரிய விஷயம், பிட்ச் திருத்தம். ஆட்டோ-ட்யூன் போன்ற கருவிகள் குரலை அருகில் இருக்கும் சுரத்துக்கு இழுத்துப் பிடிக்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு சுரத்தையும் திறந்துவைத்து, திருத்தும் வேகத்தையும் கூட்டிவிட்டால், அந்தக் கமகம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து, தோடி இருந்த இடம் தெரியாது. அதனால் தானியங்கித் திருத்தத்தை விட்டுவிட்டு, சுரங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்தும் வகையைத் தேடுங்கள். லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸின் பெரிய பதிப்புகளில் வேரிஆடியோ, தனியாக வாங்குவதென்றால் மெலோடைன். நீட்டிப் பிடிக்கும் சட்ஜமோ பஞ்சமமோ கொஞ்சம் இறங்கியிருந்தால் அதை மட்டும் தூக்கிவிட்டு, அசையும் சுரங்களைத் தொடாமல் விடலாம். மெல்லிசைப் பாட்டில் தானியங்கியே போதும் என்றால், ராகத்தில் இல்லாத சுரங்களை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

கீபோர்டில் கமகம் வாசிப்பவர்களுக்கு: பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான் போகும். வாத்தியத்தின் அமைப்பில் அதை ஐந்துக்கோ பன்னிரண்டுக்கோ ஏற்றினால் பெரிய ஜாருகள் வரும். வாசித்த பிறகு அந்த வளைவை மிடி எடிட்டரில் வரைந்து திருத்த முடிகிறதா என்று ஐந்தாம் படியிலேயே சோதித்துவிடுங்கள்.

ஏழாம் படி: ப்ளக்-இன்

லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ வகையை மட்டும் ஏற்கும், ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் மட்டும், மற்றவை பெரும்பாலும் விஎஸ்டி. வாங்கும் முன் இதைப் பாருங்கள். இலவசத்திலேயே சின்தசைசருக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, எதிரொலிக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ் எல்லாம் காசு கொடுத்து வாங்குவதற்குச் சளைத்தவை இல்லை. முதல் வருடம் புதிதாக எதையும் வாங்காமல் இருந்தால் நல்லது. அந்தக் காசில் மைக்குக்குப் பின்னால் தொங்கவிட இரண்டு கனமான போர்வை வாங்கினால் குரல் எவ்வளவோ தெளியும்.

எட்டாம் படி: வாங்குவது

கிராக் செய்த பதிப்பு வேண்டாம். ஒரு காலத்தில் சிடியிலும் இப்போது டெலிகிராமிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது, உண்மைதான். அதோடு வைரஸும் வரும், புதுப்பிக்கவும் முடியாது, இயங்குதளம் மாறிய அன்று பாதிப் பாட்டில் நிற்பீர்கள். அறுபது டாலருக்கும் இலவசத்துக்கும் நல்லவை இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

விலை டாலரில் இருந்தால் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், வங்கிக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அவசரமில்லை என்றால் நவம்பர் கடைசிவரை பொறுங்கள், அப்போது தள்ளுபடி வராத மென்பொருள் குறைவு. ரீப்பருக்கு அது பொருந்தாது, அதன் விலை எப்போதும் ஒன்றுதான். படிக்கும் பிள்ளைகளுக்குப் பல நிறுவனங்கள் கல்வி விலை தருகின்றன. மாதச் சந்தா என்றால் சந்தாவை நிறுத்தினால் உங்கள் பாட்டுகளைத் திறக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: பாட்டை மென்பொருளிலிருந்து பிரித்து வைப்பது

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஸ்டெம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ட்ராக்கும் தனி வேவ் கோப்பு, 24 பிட், பதிந்த அதே சாம்பிள் ரேட். குரல் ஒன்றரை நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்றாலும் அந்தக் கோப்பு பாட்டின் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் வேறு எந்த மென்பொருளில் போட்டாலும் எல்லாம் தானாக நேர்ப்படும். எஃபெக்ட் இல்லாத குரல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று. மிடி ட்ராக்குகளை ஆடியோவாகவும் மிடி கோப்பாகவும் எடுங்கள். கோப்புறையின் பெயரிலேயே வேகத்தையும் கட்டையையும் எழுதிவிடுங்கள்: "பல்லவி_84_ஐந்தரை" என்கிற மாதிரி. வெளியில் மிக்ஸ் செய்யக் கொடுக்கும்போதும் பொறியாளர் கேட்பது இதைத்தான், நீங்கள் எந்த மென்பொருள் என்று அவர் விசாரிக்கக்கூட மாட்டார்.

பாட்டை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது ஆடியோ கோப்புகள் பழைய இடத்திலேயே தங்கிவிடுவது சகஜம். ரீப்பரில் சேமிக்கும் பெட்டியில் எல்லா மீடியாவையும் புராஜெக்ட் கோப்புறைக்குள் நகலெடுக்கும் கட்டம் ஒன்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். மற்றவற்றிலும் இதற்கு இணையானது உண்டு. தானாகச் சேமிப்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முழுக் கோப்புறையின் ஒரு நகல் வெளி டிஸ்க்கிலும் இன்னொன்று கூகுள் டிரைவ் மாதிரி எங்காவதும் இருக்கட்டும்.